ஆயிலில் கூலண்ட் கலக்கிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் தே தாரிக் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "ஹெட் கேஸ்கெட் போச்சு." என்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு அது; அது கிழிந்தால் கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ஆயிலில் கலக்கலாம். மறுநாளே காடி வொர்க்‌ஷாப்புக்குப் போய், ஹெட்டைக் கழற்றிச் செய்யும் டாப் ஓவர்ஹால் என்று பேச்சு தொடங்கிவிடும். சில காடிகளுக்கு அது தேவைதான். ஆனால் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரில் ஒரு ரப்பர் வளையத்தை மாற்றினால் முடிந்திருக்கும் வேலைக்கு ஹெட்டைக் கழற்றியதையும், கோளாறே இல்லாத என்ஜினைப் பிரித்துப் போட்டதையும் கோலாலம்பூரில் நிறையவே பார்த்திருக்கிறேன். மாதச் சம்பளத்தில் காடிக் கடன் கட்டும் குடும்பத்துக்கு அது சின்ன அடி இல்லை.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கூலண்ட் மட்டம், ஆயில் மட்டம் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கீழே வரும் ஒவ்வொரு சோதனையும் அந்தக் கணக்கிலிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் என்ஜினை நிறுத்துங்கள்

சந்தேகம் வந்த பிறகு "வீடு வரைக்கும் மட்டும் ஓட்டிவிடுகிறேன்" என்பது வேண்டாம். கிராங்க் பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அங்கே ஆயில் படலம் நின்றால்தான் உலோகமும் உலோகமும் உரசாது. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் ஆயிலோடு சேர்ந்தால் அந்தப் படலம் வலுவிழக்கும், பேரிங் உலோகம் அரிக்கும், ஃபில்டர் கசடால் அடைபடும். கேஸ்கெட் வேலையோடு முடிய வேண்டியது முழு என்ஜின் செலவாக மாறுவது இப்படித்தான்.

இன்னொன்று இதைவிட அவசரம். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் மேலே ஏற முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஸ்டார்ட் செய்யும்போது "டக்" என்று சத்தம் வந்து அப்படியே நின்றால் மறுபடி முயற்சி செய்யாதீர்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டுத்தான் என்ஜினைச் சுற்ற வேண்டும். லோரி கூப்பிட்டு இழுத்துப் போகும் செலவு இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

இரண்டு மட்டங்களின் கணக்கு

காலையில், காடி இரவெல்லாம் நின்ற பிறகு, சமமான தரையில் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், மூடியைத் திருகிய நொடியில் முகத்தில் பாயும். ரேடியேட்டரோடு சேர்ந்த ஸ்பேர் டேங்கில் இப்போதைய கூலண்ட் மட்டத்தை மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, துடைத்து, விட்டு, எடுத்து, ஆயில் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ்டிக்கில் கலங்கல் இல்லாதவரை இப்படிச் சில நாள் கவனிக்கலாம். கலங்கல் இருந்தால் காடியை ஓட்டாமல் நேராகச் சோதனைகளுக்குப் போய்விடுங்கள்.

கூலண்ட் இறங்கி ஆயில் ஏறினால், கலப்பு நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கூலண்ட் மட்டும் இறங்கி ஆயில் அப்படியே இருந்தால், வெளியே ஒழுகுகிறது அல்லது சிலிண்டரில் எரிந்து போகிறது. ஆயில் மட்டும் ஏறினால் அது கூலண்ட் விவகாரமே இல்லை, எரிபொருள் இறங்குகிறது அல்லது வெள்ளத் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரண்டும் அசையாமல் மூடியில் மட்டும் வெண்மை இருந்தால், பெரும்பாலும் வெறும் ஈரம். கலப்போடு ஆயில் எரிச்சலும் சேர்ந்திருந்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று மறைத்துவிடும். அப்போது அடுத்த சோதனைகள்தான் வழி.

மூடியில் வெண்மை, டிப்ஸ்டிக்கில் சுத்தம்

நம் ஊரில் இதற்குப் பெரிய காரணம் குறுகிய ஓட்டம். வீடு இருக்கும் தாமானிலிருந்து கொம்பாக் எல்ஆர்டி ரயில் நிலையம் வரை ஓட்டி, நாள் முழுக்க நிறுத்தி, மாலையில் திரும்ப வீடு. ஆயில் சூடேறுவதற்குள் என்ஜின் நின்றுவிடுகிறது. எரிப்பில் உண்டாகும் ஈரம் ஆவியாகி வெளியேற நேரமில்லாமல், என்ஜினிலேயே குளிர்ந்த இடமான மூடியில் போய்ப் படிகிறது. காற்றில் ஈரப்பதமும் எப்போதும் அதிகம்.

இன்னொரு காரணம் நம் ஆட்களே செய்துகொள்வது. "இது சூடான நாடு, தெர்மோஸ்டாட் எதற்கு" என்று கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தெர்மோஸ்டாட் என்ஜினைச் சூடாக்குவதற்கு இல்லை, சரியான சூட்டில் நிறுத்துவதற்கு. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் என்ஜின் குளிர்ந்தே ஓடும், ஆயிலில் ஈரம் தங்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். ஓவர்ஹீட் ஆகும் காடியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் உண்மையான கோளாறு, அதாவது அடைபட்ட ரேடியேட்டரோ ஓடாத ஃபேனோ, சில மாதம் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

சோதிப்பது சுலபம். மூடியையும் அதன் கீழ் தெரியும் பகுதியையும் துணியால் நன்றாகத் துடையுங்கள். என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வும் அதன் ஹோஸும் அடைபடாமல் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் சிரம்பான் வரை நெடுஞ்சாலையில் போய் வாருங்கள். வெறும் ஈரமாக இருந்தால் மூடி சுத்தமாகவே இருக்கும் அல்லது மிக லேசாகப் படிந்திருக்கும், கூலண்ட் கோடும் இறங்கியிருக்காது. ஆயிலை மாற்றிவிட்டு, வாரத்துக்கு ஒரு முறையாவது நீண்ட ஓட்டம் கொடுத்தால் போதும்.

டிப்ஸ்டிக்கிலும் கலங்கல்

இப்போது விஷயம் வேறு. டிப்ஸ்டிக் நுனி சம்பில், அதாவது என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், இருக்கும் ஆயிலைத் தொட்டு வருகிறது. அங்கேயே பழுப்பு நுரை என்றால் தண்ணீர் நிறையவே போயிருக்கிறது.

வீட்டிலேயே உறுதி செய்ய ஒரு வழி உண்டு. காடியை ஓர் இரவு அசைக்காமல் நிறுத்துங்கள். தண்ணீரும் கூலண்டும் ஆயிலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், காடியைப் பத்திரமாக ஸ்டாண்டில் ஏற்றி, சம்பில் ஆயில் வடிக்கும் நட்டை முழுக்கக் கழற்றாமல் மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். கீழே ஒரு கண்ணாடி போத்தல். முதலில் சொட்டுவதைக் கவனியுங்கள். கூலண்ட் இருந்தால் பச்சையோ சிவப்போ கலந்த தண்ணீர் முன்னால் வரும், பின்னால்தான் கறுப்பு ஆயில் இறங்கும். ரேடியேட்டரில் வெறும் பைப் தண்ணீர் ஊற்றி ஓட்டும் காடியில் பச்சை எல்லாம் தெரியாது. துரு நிறத் தண்ணீர் வரும், சில சமயம் நிறமே இருக்காது. அதை மழைத்தண்ணீர் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஆயிலும் தண்ணீரும் அடித்துக் கலந்து நுரையாகிவிட்டால் பிரியாது. அப்போது ஒரு துளியை நன்றாகச் சுட்ட இரும்புத் தகட்டில் விடுங்கள். நல்ல ஆயில் பரவிப் புகையும், தண்ணீர் கலந்தது படபடவென்று வெடிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பெட்ரோல் இருக்கும் இடத்தில் செய்யாதீர்கள். இந்தச் சோதனை தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், அது கூலண்டா என்று சொல்லாது. அதற்கு ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சோடியம், பொட்டாசியம் அளவு கூடியிருந்தால் அது கூலண்டில் சேர்க்கும் மருந்துகளிலிருந்து வந்ததாக இருக்கும். லோரி கம்பெனிகள் வழக்கமாகச் செய்வது இது. ஒற்றைக் காடிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் அரிது.

ரேடியேட்டரில் ஆயில் மிதக்கிறது

எனக்கு இந்த அறிகுறிதான் மிக முக்கியம். இங்கேதான் தவறான முடிவுகள் அதிகம்.

என்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் 2 முதல் 5 பார் வரை இருக்கும். கூலண்ட் அழுத்தம் 1 பார் பக்கம்தான். ஆயில் கூலருக்குள் இரண்டும் மெல்லிய உலோகத் தகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகின்றன. தகடு ஓட்டையானாலோ வளையம் காய்ந்து வெடித்தாலோ, ஓடும்போது ஆயில்தான் கூலண்டுக்குள் பாயும். என்ஜினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் உடனே பூஜ்யம், ஆனால் சூடான கூலண்டில் அழுத்தம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நேரத்தில் கூலண்ட் ஆயிலுக்குள் போகிறது. ஆகவே ஸ்பேர் டேங்கில் கெட்டியான பழுப்புப் பசை, ஆயிலில் அதைவிடக் குறைந்த கலங்கல், வெள்ளைப் புகை இல்லை, இழுவை குறையவில்லை என்றால் ஹெட்டுக்குப் போகும் முன் ஆயில் கூலரைப் பாருங்கள். பல காடிகளில் அது ஆயில் ஃபில்டருக்குப் பின்னாலேயே சாண்ட்விச் மாதிரி உட்கார்ந்திருக்கும். கழற்றி, கூலண்ட் வாய் ஒன்றை அடைத்து, மற்றொன்றில் மெல்லக் காற்றுக் கொடுத்துத் தண்ணீரில் முக்கினால் ஓட்டை எங்கே என்று குமிழி காட்டிவிடும்.

இளஞ்சிவப்பு நிறத்தில் நுரை வந்தால் அது என்ஜின் ஆயில் இல்லாமலும் இருக்கலாம். ஆட்டோ கியர் காடிகள் பலவற்றில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே ஓடுகிறது. அது உடைந்தால் கூலண்ட் கியர்பாக்ஸுக்குள் போய் உராய்வுத் தகடுகளின் பூச்சை உரித்துவிடும். என்ஜின் டிப்ஸ்டிக் சுத்தமாக இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள், கியர்பாக்ஸும் போய்விடும்.

வெள்ளைப் புகை, குமிழி, கல்லாகும் ஹோஸ்

கூலண்ட் குறைகிறது, வெளியே ஒழுக்கு எதுவும் இல்லை, புகைக்குழாயில் வெள்ளைப் புகை. காலையில் கொஞ்சம் நீராவியும் சில சொட்டுத் தண்ணீரும் வருவது இயல்பு. என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் புகை நிற்காமல் கனமாக வந்தால்தான் கவலை. இனிப்பு வாசனை கூலண்ட் ஊற்றியவர்களுக்கு மட்டும் வரும். பைப் தண்ணீரில் ஓடும் காடியில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கழுவியது போல் சுத்தமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் தண்ணீர் போகிறது. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், கூலண்ட் சூடேறுவதற்கு முன்பே அழுத்தம் எங்கிருந்தோ வந்திருக்கிறது. அது எரிப்புக் காற்று. பிளாக் டெஸ்டர் என்ற கருவியில் நீலத் திரவம் இருக்கும். ரேடியேட்டர் வாயில் வைத்து ஆவியை உறிஞ்சினால், எரிப்பு வாயு இருந்தால் மஞ்சளாகும். முதலில் கூலண்ட் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும், திரவத்துக்குள் கூலண்ட் ஏறிவிட்டால் சோதனை வீண்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) பார்க்கும்போது அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களும் ஒன்றாகக் குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கெந்திங் மலை ஏறும்போது ஊசி சிவப்பைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம்" என்று மேலும் ஓட்டிய காடிகளில் இது நிறைய.

எந்தச் சோதனையிலும் கோளாறு தெரியவில்லை, ஆனாலும் ஆயில் ஏறுகிறது

பிளாக் டெஸ்டர் நீலமாகவே நின்றால் கேஸ்கெட் நல்லது என்று அர்த்தமில்லை. ஹெட் கேஸ்கெட்டில் எரிப்பு அறை, கூலண்ட் வழி, ஆயில் வழி மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. கூலண்ட் வழிக்கும் ஆயில் திரும்பி இறங்கும் வழிக்கும் நடுவே மட்டும் கேஸ்கெட் கிழிந்தால் எரிப்பு வாயு கூலண்டுக்கு வராது, கம்ப்ரஷனும் குறையாது, புகையும் இருக்காது. கூலண்ட் நேராகச் சம்புக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

டைமிங் செயின் உள்ள சில என்ஜின்களில் கூலண்ட் வழி முன்பக்கக் கவர் வழியாகப் போகிறது. அந்தக் கவர் கேஸ்கெட் போனாலும் இதே கதைதான். வி அமைப்பு என்ஜின் என்றால் இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், பெரிய டீசல் லோரி என்றால் லைனர் என்ற சிலிண்டர் உறையின் அடியில் உள்ள ரப்பர் வளையங்கள்.

இவற்றில் எது என்று கண்டுபிடிக்க எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை சம்பைக் கழற்றிப் பார்ப்பது. ஆயிலை வடித்து, சம்பை இறக்கி, காடிக்கடியில் சுத்தமான அட்டை விரியுங்கள். ரேடியேட்டரை நிரப்பி, மூடி இருக்கும் இடத்தில் கைப் பம்ப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்றுங்கள். 0.9 என்று இருந்தால் 0.9 பார், 1.1 என்றால் 1.1. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ரேடியேட்டரையும் வெடிக்க வைப்பீர்கள். பிறகு டார்ச்சோடு கீழே படுத்துக் காத்திருங்கள். முதலில் எல்லா இடத்திலும் மிச்ச ஆயில்தான் சொட்டும். அதைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒரு பச்சைத் துளி திரண்டு, கனத்து, அட்டையில் விழும். துளி கிராங்க் முன்பக்கம் கவர் ஓரமாக வந்தால் கவர் கேஸ்கெட். ஃபில்டர் பக்கம் வந்தால் கூலர். ஒரு சிலிண்டரின் உள்சுவர் வழியாக வழிந்தால் ஹெட் கேஸ்கெட்டோ வெடிப்போ. ஆயில் திரும்பும் துளை வழியாக மேலிருந்து வந்தால் ஹெட் பக்கம். சில ஒழுக்குகள் மிக மெதுவாகத்தான் வெளிவரும். அதனால் குளிரில் ஒன்றும் வராவிட்டால், அழுத்தத்தை இறக்காமல் சில மணி நேரமாவது விட்டுப் பாருங்கள். சூட்டில் மட்டும் திறக்கும் ஒழுக்கு அப்போதும் தெரியாமல் போகலாம்.

வேலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் போமனிடம், அதாவது மெக்கானிக்கிடம், தைரியமாகக் கேளுங்கள்: "அண்ணே, பிரஷர் டெஸ்ட் போட்டுப் பார்த்தீங்களா? எங்க இருந்து சொட்டுதுன்னு காட்ட முடியுமா?" வேலை தெரிந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார், கீழே கூட்டிப்போய்க் காட்டுவார்.

ஆயில் ஏறுகிறது, கூலண்ட் குறையவில்லை

டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். டீசல் அல்லது பெட்ரோல் வாசனை, ஆயில் தண்ணீராக ஓடுகிறது என்றால் எரிபொருள் இறங்குகிறது. புகை வடிகட்டி உள்ள டீசல் பிக்கப்புகளில், வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும் சுழற்சி பாதியில் நின்றுகொண்டே இருந்தால் இப்படி ஆகும். இன்ஜெக்டர் ஒழுகினாலும் ஆகும். இதற்கும் ஆயிலை மாற்றாமல் ஓட்டக்கூடாது.

வெள்ளத்தில் நின்ற காடி

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் காடிகள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். கோலாலம்பூரில் ஒரு மணி நேர மழைக்கே சில சாலைகள் நிறைந்துவிடும். காற்று உறிஞ்சும் வழியாலும் டிப்ஸ்டிக் குழாயாலும் தண்ணீர் இறங்கினால் ஆயில் கலங்கும், ஆனால் கூலண்ட் நிறைந்தே இருக்கும். அந்தக் காடியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பழைய காடி வாங்குபவர்கள் சீட் பெல்ட்டை முழு நீளம் இழுத்துப் பாருங்கள், தண்ணீர் நின்ற கோடு அங்கே இருக்கும். ஸ்பேர் டயர் குழியின் மூலையில் சேறும் இருக்கும். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளம் சேர்ந்திருக்காது. ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற கூடுதல் காப்புறுதியைத் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

காரணம் தெரிந்த பிறகு

ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான் என்றானால், புது கேஸ்கெட் மட்டும் போட்டு மூடாதீர்கள். ஹெட்டை மெஷின் ஷாப்புக்கு அனுப்பி வளைவு அளந்து, வெடிப்பு இருக்கிறதா என்று பிரஷர் பார்த்த பிறகுதான் ஸ்கிம் செய்ய, அதாவது மேற்பரப்பைச் சீவிச் சமமாக்க, வேண்டும். வளைவுக்கான வரம்பு பல என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் பக்கம்தான், கண்ணுக்குத் தெரியாது. இழுபட்டு இறுகும் வகை போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ரேடியேட்டரில் ஊற்றினால் ஓட்டை அடைபடும் என்று விற்கும் போத்தல் மருந்தை ஆயில் கலந்த என்ஜினுக்கு நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கேஸ்கெட் அடைபடாமல் ரேடியேட்டரின் நுண்குழாய்கள் அடைபட்டு நிற்கும்.

பழுது பார்த்ததும் மலிவான நல்ல ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, இழுக்காமல் நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஓடவிட்டு வடித்துவிடுங்கள். பழுப்பு தெரிந்தால் இன்னொரு முறை. டீசல் ஊற்றிக் கழுவுவது வேண்டாம், பேரிங்குக்கு அது ஆகாது. பிறகு சரியான ஆயில், சில நூறு கிலோமீட்டரில் மறுபடி மாற்றம். ஆயில் போன கூலண்ட் பக்கத்தை ரேடியேட்டர் கழுவும் மருந்தால் பல முறை அலச வேண்டும். ஆயில் பட்டு உப்பிய ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். ஸ்பேர் டேங்கில் புதிதாக ஒரு கோடு போட்டு, முதல் மாதம் காலையில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வடித்த கலவையை வீட்டுக்கு முன்னால் உள்ள சாக்கடையில் ஊற்றாதீர்கள். பழைய என்ஜின் ஆயில் மலேசியாவில் 2005 சுற்றுச்சூழல் விதிமுறைப்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. மூடி போட்ட தோம்பில் சேர்த்து, அதை எடுத்துக்கொள்ளும் வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள். கூலண்ட் நச்சு, அதன் இனிப்புக்குப் பூனையும் நாயும் வந்து நக்கும். தரையில் சிந்தியதை அன்றே துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கழுவிவிடுங்கள்.